முன்னறிவிப்போடு ஓடும் ஆறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். என் சுகத்தில் முழங்கால்களைச் சேர்க்கவில்லை, அவை தனிக் கணக்கு. உன் அம்மா என்னைவிட ஒரு படி மேலான சுகத்தில் இருக்கிறாள். உன் சின்ன மாமாவோடு அவளுக்கு மறுபடி போக்குவரத்து தொடங்கியிருக்கிறது, என்னைக் கேலி செய்வதற்கும் இந்த ஆண்டுக்குப் போதுமான விஷயம் கிடைத்திருக்கிறது, வேறென்ன வேண்டும் அவளுக்கு. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் நல்லாருக்கோம்பா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. மாமா ஏன் இத்தனை மாதமாக நம் வீட்டுப் பக்கமே வரவில்லை, அம்மாவிடம் கேட்டால் அவள் ஏன் உங்கப்பாவைக் கேளு என்கிறாள் என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்ல இரண்டு முறை முயன்றேன். முதல் முறை எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நீ ரயிலில் ஏறிவிட்டாய். இரண்டாம் முறை அம்மா போனைப் பிடுங்கிப் பேத்தியின் விழுந்த பல்லைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் மன்னித்துக்கொள், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று எனக்குத் தெரிவதில்லை.

நான் நதிநலக் குழுவில் உறுப்பினரானது உனக்குத் தெரியும், கேட்டு நீ சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். பேருந்தில் அரை மணி நேரம் போனால் அணை, அணையின் காலடியில் மின்நிலையம். பகலெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வீடுகளில் விளக்குப் போடும் நேரத்தில் மொத்தமாக இயந்திரங்களுக்குள் விடுவார்கள். மாலையில்தான் மின்சாரத்துக்குத் தேவை, மாலையில்தான் அதற்கு விலை. இதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் மாலையில்தான் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறேன், உன் அம்மாவும் அதே நேரம் பார்த்துத்தான் துணி தேய்க்கிறாள். ஆனால் அணைக்குக் கீழே ஆறு என்று ஒன்று இருக்கிறதே, அது மாலை வரை காத்திருக்க முடியாது. அதனால் பகலிலும் ஒரு குறிப்பிட்ட அளவு தண்ணீர் விட வேண்டும் என்று நிலையத்துக்கு அனுமதி கொடுத்தபோதே நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அது நடக்கிறதா என்று அளந்து பார்க்க ஊர் சார்பில் ஓர் ஆள் வேண்டும். நிலைய மேலாளர் ஊரையே சல்லடை போட்டுச் சலித்து, கடைசியில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உங்கள மாதிரி நிதானமானவங்கதான் சார் எங்களுக்கு வேணும், சத்தம் போடுறவங்க தெருவுக்கு நாலு பேர் கெடைப்பாங்க என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் போன பிறகு உன் அம்மா, வாயில்லாத ஆளா பாத்துத்தான் புடிச்சிருக்காங்க என்றாள். அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ள முயன்றேன், முடியவில்லை.

வேலையை நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்பதை நீ நம்புவாய். நீ அனுப்பிய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அளவு குறித்த கோலை ஊன்றி ஆழம் பார்ப்பேன், ஒரு கட்டையை மிதக்கவிட்டு வேகம் பார்ப்பேன், சின்ன வலையை வைத்துக் கரையோரத்தில் மீன்குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். எப்போது போனாலும் முழங்காலுக்கு மேல் தெளிந்த தண்ணீர். குழுக் கூட்டங்களில் என் அளவுகளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். மேலாளர் எழுந்து கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள், நானும் தவறுதலாகக் கொஞ்சம் தட்டிவிட்டேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தணிக்கைத் துறையில் இருந்த காலமெல்லாம் ஓர் அலுவலகத்துக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் நான் கால் வைத்ததில்லை. இன்ன நாளில் இன்ன நேரத்துக்கு வருகிறேன், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு வாரம் முன்பே எழுதிப் போட்டுவிடுவேன். அது மரியாதை என்று நினைத்தேன், இன்னும் கொஞ்சம் நினைக்கிறேன். ஆற்றுக்கும் அதே வழக்கத்தை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் மின்நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் போகும். யாரும் கேட்கவில்லை, நானாகவேதான் அனுப்பினேன்.

இதற்கிடையில்தான் மாமாவோடு மனஸ்தாபம். அவன் வலை போடுவது அணைக்குக் கீழே உள்ள அந்தத் துண்டில்தான் என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, பகல்ல ஆத்துல தண்ணியே இல்ல அத்தான், கல்லுதான் கெடக்கு, சாயங்காலம் ஒரே அடியா வந்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போவுது, ராத்திரி தண்ணி வடிஞ்சு போனதும் குஞ்செல்லாம் கரையில செத்துக் கெடக்கு என்றான். உன் மாமா சொன்னால் நான் எப்படி நம்புவது, நீயே சொல். நம் வீட்டுக் கதவு உயரத்துக்கு மீன் பிடித்தேன் என்று உன்னிடம் சொன்னவன் அவன், அதை நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாய். நான் என் அளவுகளை எடுத்து அவன் முன்னால் விரித்து, எண்கள் ஒருவருடைய அவசரத்துக்கு மாறுவதில்லை என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியது அந்த ஒரு முறைதான், அதுவும் பார், எந்த இடத்தில் என்று. அவன் தட்டை அப்படியே நகர்த்திவிட்டு, சரிங்கத்தான், இனிமே ஆத்துக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுட்டே போறேன், தண்ணி இருக்கா இல்லையான்னு, என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். அதன் பிறகு வரவில்லை. சில வாரங்களில் மின்நிலையம் ஒரு பெரிய புது இயந்திரத்துக்கு அனுமதி கேட்டது. பகலில் ஆற்றில் தண்ணீர் தாராளமாக ஓடுவதாக நதிநலக் குழுவின் மூத்த உறுப்பினர் தொடர்ந்து அளந்து உறுதி செய்திருப்பதால், அதில் பாதியை மாலைக்குச் சேமித்துப் புது இயந்திரத்தை ஓட்டலாம் என்பது திட்டம். மூத்த உறுப்பினர் என்பது நான்தான். அனுமதி கிடைத்தால் படகை வித்துட்டுப் போகவேண்டியதுதான் என்று மாமா சந்தையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்கள் எப்படியிருக்கும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஒரு முறை அளந்துவிட்டு வந்தபோது குடையை ஆற்றங்கரைப் பாலத்துக் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை எடுத்துவரப் புறப்பட்டேன். அம்மாவும் தம்பி வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கூட வந்தாள். குடையை எடுக்கப் போவதையும் நிலையத்துக்கு எழுதித் தெரிவிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அம்மா பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். பாலத்தில் குடை இருந்தது. ஆறுதான் இல்லை. நேற்று நான் முழங்கால் நனைய நின்ற இடத்தில் வெறும் கற்கள், அவற்றின் மேல் பாசி காய்ந்து காகிதம் போல உரிந்துகொண்டிருந்தது. பள்ளங்களில் தேங்கி நின்ற கொஞ்சம் தண்ணீரில் விரல்நீளக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன, பல நெளிவதை நிறுத்தியிருந்தன. கொக்குகள் மட்டும் ஏற்பாட்டில் மிகுந்த திருப்தியோடு நடமாடிக்கொண்டிருந்தன. நான் வழக்கம்போல, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கற்களுக்குள் இறங்கினாள். தம்பிக்குக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை ஒரு கல்லின் மேல் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, அதில் குஞ்சுகளை அள்ளி, நடு ஆற்றில் ஆழமாக இருந்த ஒரு மடுவுக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கினாள். நானும் தொப்பியைக் கழற்றி அதில் அள்ளினேன், தொப்பியில் தண்ணீர் நிற்காது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. அப்போது கரையிலிருந்து மாமாவின் குரல். அத்தான், பாத்து, உங்க தாராளமான தண்ணியில கால் வழுக்கிடப் போவுது என்றான். அம்மா நிமிர்ந்து, வாயாடாம எறங்கி வந்து அள்ளுடா என்றாள். இறங்கி வந்தான். மூன்று பேரும் அள்ளினோம். எங்களால் முடிந்தது மிகவும் கொஞ்சம்தான். திரும்பும்போது அவன் என்னைப் பார்த்து, சாப்பாட்டையும் கொட்டிட்டீங்க, இனி உங்க வீட்டுக்கு வந்துதான் சாப்பிடணும் என்றான். சமாதானம் என்பது எங்கள் குடும்பத்தில் இப்படித்தான் வரும்.

இரவெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டு, மறுநாள் மாடி வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறார், நல்ல மனிதர், நம் வீட்டுக் குழாய் ஒழுகினால் அவர்தான் வருவார். ஒளிவுமறைவு இல்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னார். உங்க கடுதாசி வந்ததும் சுவத்துல ஒட்டிடுவாங்க சார், அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே சின்ன மதகைத் தெறந்து விட்டுடுவோம், அதுக்கு எங்க ரூம்ல விருந்தாளித் தண்ணின்னு பேரு, நீங்க பஸ் ஏறினதும் மூடிடுவோம், பெரியவர் அவ்வளவு தூரம் வர்றாரு, காலாவது நனையட்டும்னுதான், என்றார். நான் நன்றி சொன்னேன். கீழே வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, வரேன் வரேன்னு சொல்லிட்டுப் போனா ஆறென்ன, நான்கூடத்தான் தலைவாரிப் பூவச்சு உக்காந்திருப்பேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தணிக்கை செய்யப் போன அலுவலகங்கள் எல்லாம் என் நினைவில் வரிசையாக வந்தன. எங்கே போனாலும் கோப்புகள் தூசி தட்டி அடுக்கியிருக்கும், நாற்காலியில் புதுத் துண்டு விரித்திருக்கும். எவ்வளவு ஒழுங்கான நாடு இது என்று நான் மகிழ்ந்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சியை இப்போது கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், முழுவதும் கைவிட மனம் வரவில்லை.

புது இயந்திரத்துக்கான பொது விசாரணை நகர மண்டபத்தில் நடந்தது. நான் எழுந்து பேசினேன். நம்பமாட்டாய், ஆனால் பேசினேன். எழுதி வைத்திருந்த தாள் கையில் படபடத்த சத்தம் ஒலிபெருக்கியில் என் குரலைவிட நன்றாகக் கேட்டதாக மாமா சொன்னான். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மாலையில் இயந்திரம் ஓடட்டும், பகலில் நிபந்தனையில் சொன்ன அளவு தண்ணீர் மட்டும் நிற்காமல் வரட்டும், திறப்பதையும் மூடுவதையும் மெதுவாகச் செய்தால் குஞ்சுகள் ஆழத்துக்கு ஒதுங்க நேரம் கிடைக்கும் என்றேன். யார் சொன்னது என்று சொல்லாமல் விருந்தாளித் தண்ணீர் கதையையும் சொல்லி, என் அளவுகள் எல்லாம் நான் வருவதை அறிந்திருந்த ஆற்றின் அளவுகள், அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னேன். மேலாளர் உடனே எழுந்து, பெரியவர் தன்னடக்கத்துல சொல்றாரு, அவரு அளவுமேல அவரைவிட எங்களுக்கு நம்பிக்கை அதிகம் என்றார். என்னை எவரும் இவ்வளவு விட்டுக்கொடுக்காமல் ஆதரித்ததில்லை. விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி அம்மாள் என்னைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் நீங்களே முன்னாடி எழுதித் தெரிவிச்சீங்களா என்று கேட்டார். ஆமாம், நகல்கூட இருக்கிறது என்றேன். மண்டபம் முழுவதும் சிரித்தது, அதிகாரி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நடந்த கூத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மேலாளரைக் கேட்டார். அவர் விருந்தாளித் தண்ணீர் என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுவது போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவாக, புது இயந்திரத்தை ஓராண்டு தள்ளிவைப்பது, அதுவரை நானே மறுபடி அளப்பது, அந்த அளவை வைத்து அடுத்த ஆண்டு தீர்மானிப்பது என்று ஆயிற்று. நான் உட்காரப் போகும்போது மேலாளர் மறுபடி எழுந்து, பாதுகாப்பு முக்கியம், வயசானவர் ஆத்துல எறங்குறாரு, அதனால வர்ற நாளை முன்கூட்டியே எழுத்துல தெரிவிக்கணும்னு சேத்துக்கணும் என்றார். பாதுகாப்பு என்றால் யார் மறுப்பார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். பழக்கதோஷம், நானும் ஆட்டிவிட்டேன். பேருந்தில் வரும் வழியெல்லாம் மாமா, ஆக இன்னும் ஒரு வருஷத்துக்கு ஆத்துக்கு விருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒளிந்து போய் அளக்கலாம் என்றான் மாமா. என்னால் அது முடியாது, விதி என்று ஒன்று போட்டு நானும் தலையாட்டிய பிறகு அதை மீற எனக்குத் தைரியம் போதாது, மீறி அளந்ததை அவர்களும் ஏற்கமாட்டார்கள். நான்காம் நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான், எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்கலாம் என்பதற்கு விதியில் வரம்பே இல்லை என்று தோன்றியது. பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்து எழுதினேன். நாளை முதல் ஓராண்டு முடியும்வரை, விடுமுறை நாட்கள் உட்பட, தினமும் வருகிறேன். முழங்கால் ஒத்துழைக்கும் நேரம் எனக்கே முன்கூட்டித் தெரிவதில்லை என்பதால், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எந்த நேரத்திலும் வரக்கூடும். ஆற்றுக்குள் நிற்கும் முதியவன் என்பதால் தண்ணீரைத் திடீரென்று கூட்டாமலும் குறைக்காமலும் படிப்படியாகச் செய்து உதவ வேண்டும். என் பாதுகாப்பில் தாங்கள் காட்டிய அக்கறைக்கு மிக்க நன்றி. இதற்கு ஒரு நகல் அதிகாரி அம்மாளுக்கு. அனுப்பிய பிறகு, மரியாதைக் குறைவாக ஏதும் எழுதிவிட்டேனோ என்று நகலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாம் நாளே மேலாளர் போன் செய்தார். சார், வருஷம் பூராவுமா என்றார். ஆமாங்க, எழுத்துல குடுக்கச் சொன்னீங்களே என்றேன். ஞாயித்துக்கிழமைகூடவா சார் என்றார். நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். பின்னாலிருந்து அம்மா, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்னு சொல்லுங்க என்று அவருக்கே கேட்கும்படி சொன்னாள். அவரால் மறுக்க முடியவில்லை. ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது என்று மண்டபத்தில் சொன்னவருக்கு, நான் எப்போது வந்தால் என்ன? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம், போனை வைத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து தினமும் போகிறேன், எழுத்தில் கொடுத்ததைப் பொய்யாக்க முடியாதல்லவா. தண்ணீர் வருகிறது. பெருகும்போதும் வடியும்போதும் என் முழங்கால்களுக்கு உரிய மரியாதையோடு மெதுவாக நடந்துகொள்கிறது. மாடி வீட்டுக்காரர், உங்களால எங்க ரூம்ல விருந்தாளித் தண்ணிங்கிற பேரே போச்சு சார், இப்ப வீட்டுக்காரர் தண்ணின்னு சொல்றோம் என்கிறார். இதனால் கொஞ்சம் மின்சாரம் குறைகிறது என்று மேலாளர் எல்லாரிடமும் வருத்தப்படுகிறார். இருக்கலாம், அது பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நம் தெருவில் அதை இதுவரை யாரும் தேடவில்லை, உன் அம்மாவின் இஸ்திரிப் பெட்டி உட்பட. கரையோரப் பள்ளங்களில் குஞ்சுகள் சிக்கிக் கிடப்பது நின்றிருக்கிறது. ஆறு பிழைத்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, ஒரு பருவம் போக வேண்டும். மாமா படகுக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறான். நேற்று பிடித்த மீனின் நீளத்தை அவன் கையை விரித்துக் காட்டினான், நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டேன். எனக்கு முடியாத நாட்களில் அவனோ அம்மாவோ போவதாக ஏற்பாடு, அதையும் முன்னறிவிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரியில் வெளிநாட்டிலிருந்து வரும் என் மகளும் எந்த நாளிலும் அளக்க வரக்கூடும் என்று சேர்த்திருக்கிறேன். மகள் எப்ப சார் வர்றாங்க என்று மேலாளர் கேட்டார். எனக்கும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

பேத்திக்கு அடுத்த பல் முளைக்கும்வரை மிட்டாய் வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளை இரவில் கண்விழித்து வேலை பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளட்டும். நீ ரயிலில் நின்றுகொண்டே சாப்பிடாதே. மூவருக்கும் எங்கள் ஆசிகள், நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் நிறைவாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வருவாய் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன், இந்த ஓராண்டுக்குள் ஒருமுறை வந்துவிடு. வரும் நாளை மட்டும் எங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்காதே. தெரிவித்தால் அம்மா திரைச்சீலை மாற்றுவாள், நான் புதுச் சட்டை போடுவேன், முழங்கால் வலிக்கவே இல்லை என்பேன், நீயும் அதைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பித் திரும்பிவிடுவாய்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா